கிழக்கு வரிசையின் ஃப்யூஸ் கட்டை

ஹாஃப் ரேஞ்ச் சைன் சீரிஸ் வந்துவிட்டது. வினாத்தாளின் பின்பக்கம், நடுவில், எனக்காகவே எடுத்து வைத்தது மாதிரி உட்கார்ந்திருக்கிறது. நேற்று கோமதி தோசைக் கரண்டியைக் கையில் வைத்துக்கொண்டு என்னிடம் ஒப்பிக்கச் சொல்லிக் கேட்ட அதே கணக்கு. என் மனைவி பத்தாவதோடு நின்றவள். இது என்ன கணக்கு, எதற்கு உதவும் என்று அவளுக்குத் தெரியாது, கேட்டால் எனக்கும் அவ்வளவாகத் தெரியாது, ஆனால் நோட்டைப் பார்த்துக்கொண்டே "ப்ளஸ்ஸுக்கு அடுத்து மைனஸ்லா வரணும், நீங்க மறுபடியும் ப்ளஸ்ஸே சொல்லுதிய" என்று சரியாகப் பிடித்துவிடுவாள். ப்ளஸ், மைனஸ், ப்ளஸ். இரட்டைப்படை எல்லாம் பூஜ்யமாகிவிடும், ஒற்றைப்படை மட்டும் நிற்கும். எனக்குத் தெரிகிறது. முதல் தடவையாக ஒரு கேள்வியைப் பார்த்ததும் அதன் கடைசி வரி வரைக்கும் தெரிகிறது. இந்தக் கணிதம் மூன்றாம் தாளை எத்தனையாவது முறையாக எழுதுகிறேன் என்று சொல்லிக்கொள்ள வெட்கமாக இருக்கிறது. மோட்டார், மின்மாற்றி, பவர் எலக்ட்ரானிக்ஸ் எல்லாம் தட்டுத்தடுமாறி ஒப்பேற்றியாகிவிட்டது, இது ஒன்றுதான் தொண்டையில் மாட்டிய முள்ளாக நிற்கிறது. பகுதி நேரப் பொறியியல் என்று பெயர் வைத்திருக்கிறார்கள், எந்தப் பகுதி நேரத்தில் தூங்குவது என்று யாரும் சொல்லவில்லை. மில்லில் வேலை முடிந்து, சோப்புப் போட்டும் போகாத கிரீஸ் கையோடு பஸ் பிடித்து, பகல் பிள்ளைகள் பெயரையும் ஹார்ட்டினையும் கிறுக்கிவிட்டுப் போன பெஞ்சில் உட்கார்ந்து, எங்களை விடச் சின்னப் பையனாக இருக்கும் வாத்தியாரிடம் பாடம் கேட்க வேண்டும். சிமெண்ட் ஆலையிலிருந்து வரும் ஒருவர் உட்கார்ந்ததும் தூங்கிவிடுவார். வாத்தியார் அவரை எழுப்ப மாட்டார், குரலை மட்டும் கொஞ்சம் தாழ்த்திக்கொள்வார், அந்த மரியாதைதான் எனக்கு அழுகையை வரவழைக்கும். படிப்பை முடிக்கக் கொடுத்த கெடு இந்தத் தேர்வோடு தீர்கிறது. இதில் போனால் பாஸான பாடங்களும் சேர்ந்து போச்சு. ஆனால் போகாது, சைன் சீரிஸ் வந்துவிட்டது, கீழே சார்ப்பிட் முறையும் வந்திருக்கிறது, அதுவும் தெரியும், எழுதுடா ஆவுடையப்பா, எழுது. கை வியர்க்கிறது. பேனா வழுக்குகிறது. கைக்குட்டைக்காகக் கால்சட்டைப் பையில் கை விட்டேன்.

பீங்கான். வழவழவென்று குளிர்ந்து கிடக்கிறது. வெளியே எடுக்காமலே விரலால் தடவிப் பார்த்தேன், இரண்டு பக்கமும் பித்தளை நாக்கு, நடுவில் கம்பி. ஃப்யூஸ் கட்டை. கிழக்கு வரிசையின் ஃப்யூஸ் கட்டை என் பையில், பரீட்சை ஹாலில், என் தொடை மேல் இருக்கிறது. ஒரு கணம் ஒன்றும் புரியவில்லை. அப்புறம் எல்லாம் ஒன்றாகப் புரிந்தது. காலையில் மில் குவார்ட்டர்ஸ் கிழக்கு வரிசையில் லைட் மினுக்குகிறது என்று புகார். ஜெபராஜும் நானும்தான் போக வேண்டியது, என்னோடு வேலை பார்க்கும் வயர்மேன் அவன், ஆனால் உள்ளே ஒரு மோட்டார் நின்றுவிட்டது என்று அவனைக் கூப்பிட்டுக்கொண்டார்கள். நான் தனியாகப் போனேன். தெருமுனைப் பெட்டியைத் திறந்து, அந்த வரிசைக்குக் கரண்ட் போகாதபடி கட்டையைப் பிடுங்கி, பையில் போட்டுக்கொண்டு, வீடுகளுக்குப் பின்னால் இருக்கும் கம்பத்தில் ஏறி, தளர்ந்திருந்த இணைப்பை முறுக்கிக் கட்டினேன். இறங்கும்போது டவுன் பஸ் மில் வாசலில் நின்று ஹாரன் அடித்துக்கொண்டிருந்தது. அதை விட்டால் அடுத்த பஸ்ஸில் வந்து பரீட்சைக்குச் சேர முடியாது. ஏணியைச் சுவரில் சாய்த்தேன், ஷெட்டில் சட்டையை மட்டும் மாற்றினேன், கால்சட்டையை மாற்ற நேரமில்லை, ஓடினேன். அவ்வளவுதான் நடந்தது. இந்தப் பையில் டெஸ்டரோ கட்டிங் பிளேயரோ எப்போதும் ஏதாவது கனக்கும், அதனால் கனம் எனக்குத் தெரியவில்லை. ஹால் வாசலில் சோதித்தவர்கள் சட்டைப் பையைத்தான் பார்த்தார்கள், அவர்கள் தேடுவது துண்டுச் சீட்டு. சரி, ஒரு வரிசைக்குக் கரண்ட் இல்லை, விசிறி ஓடாது, நாலு பேர் திட்டுவார்கள், மில் காலனியில் இது புதிதா, எழுது. ப்ளஸ், மைனஸ். இல்லை. செண்பகத்தக்கா. நான் ஏணி எடுத்துக்கொண்டு போகும்போது பின்வாசலில் வந்து நின்றாளே. "எப்ப தம்பி வரும்? மாமாவுக்கு மெஷின் பேட்டரில ஓடுது. சிலிண்டர நெரப்பக் குடுத்திருக்கு, இன்னும் வரல." அவள் வீட்டுக்காரர் ப்ளோ ரூமில் பஞ்சு பிரித்துப் பிரித்தே நெஞ்சு போனவர். மூக்கில் குழாயோடு கட்டிலில் சுவரைப் பார்த்துச் சாய்ந்திருப்பார், காற்றிலிருந்து ஆக்சிஜன் பிடிக்கும் மெஷின் பக்கத்தில் உஸ் உஸ் என்று ஓடும். "அர மணி நேரத்துல வந்துரும்க்கா" என்று சொன்னேன். எவ்வளவு சுலபமாகச் சொன்னேன். அந்த அரை மணி நேரம் எப்போதோ போய்விட்டது. பேட்டரி எவ்வளவு நேரம் தாங்கும் என்று நான் கேட்கவே இல்லை.

ஜெபராஜ் பார்த்திருப்பான். மோட்டார் வேலை முடிந்து வெளியே வந்திருப்பான், வரிசையில் கரண்ட் இல்லை என்று யாராவது சொல்லியிருப்பார்கள், போய்ப் பெட்டியைத் திறந்திருப்பான், கட்டை இல்லாத குழியைப் பார்த்திருப்பான். பார்த்துவிட்டு என்ன செய்வான். பெட்டியை மூடிவிட்டுப் போவான். ஏனென்றால் நான் அப்படித்தான் அவனுக்குச் சொல்லி வைத்திருக்கிறேன். கட்டை எவன் பையில் இருக்கிறதோ அவன் கையால்தான் திரும்பப் போட வேண்டும். குழி காலியாக இருந்தால் மேலே ஒருத்தன் இருக்கிறான் என்று அர்த்தம். மேனேஜரே போன் பண்ணிச் சொன்னாலும் போடக் கூடாது, ஆள் இறங்கிவிட்டான் என்று அவன் பெண்டாட்டி வந்து சொன்னாலும் போடக் கூடாது, ஆள் நேரில் வந்து கட்டையைக் காட்ட வேண்டும். இது எந்தப் புத்தகத்திலும் இல்லை, எங்கள் நாலைந்து பேருக்குள் இருக்கிற கட்டுப்பாடு, ஆனால் நான்தான் இதில் ரொம்பக் கறார். முன்பு வேலை பார்த்த இடத்தில் ஆள் இறங்கியாச்சு என்று போனில் சொன்ன ஒரு வார்த்தையை நம்பி சுவிட்சைப் போட்டார்கள். நான் போய்ச் சேர்ந்தபோது கம்பத்தின் அடியில் ஒரு ஜோடி செருப்பு மட்டும் ஒழுங்காகக் கழற்றி வைத்தபடி இருந்தது. ஆளை அதற்குள் தூக்கிக்கொண்டு போய்விட்டார்கள். அந்தச் செருப்பை யார் எடுப்பது என்று யாருக்கும் தெரியவில்லை, சாயங்காலம் வரைக்கும் அங்கேயே கிடந்தது. அதற்குப் பிறகு எவ்வளவோ வருடம் கம்பம் ஏறிவிட்டேன், ஒன்றும் தோன்றவில்லை. ஆனால் போன வருடத்திலிருந்து எனக்குப் பயம் வந்துவிட்டது. இதை யாரிடமும் சொன்னதில்லை, கோமதியிடம்கூட. பாதிக் கம்பத்தில் கால் தந்தி அடிக்கும். கம்பியில் கரண்ட் இருக்கிறதா என்று தொட்டுப் பார்க்க நீட்டிய புறங்கை பாதியில் நின்றுவிடும். அப்போது கீழே கையை விட்டுப் பையைத் தொட்டுப் பார்ப்பேன், கட்டை இருக்கும், என்னைத் தாண்டி யாரும் ஒன்றும் செய்துவிட முடியாது என்று சொல்லிக்கொள்வேன், கை நகரும். அதனால்தான் இந்த டிகிரி. பெருமைக்காக என்று ஊரில் நினைக்கட்டும், வீட்டு வாசலில் பெயருக்குப் பின்னால் இரண்டு எழுத்துப் போட என்று மில்லில் கிண்டலடிக்கட்டும். புது யூனிட்டுக்கு எலக்ட்ரிக்கல் இன்ஜினியர் வேண்டுமாம், "டிகிரியக் கொண்டாரும் ஓய், உம்மையே போட்டுருவோம்" என்று மேனேஜர் சொன்னார். மேஜை, நாற்காலி, தரை. எனக்குத் தரையில் நிற்க வேண்டும். அதற்குத்தான் சைன் சீரிஸ்.

யாரிடமும் சொல்லாமல் வந்ததுதான் வினை. ஒவ்வொரு தடவையும் சொல்லிவிட்டுப் போய், ஒவ்வொரு தடவையும் "என்ன ஓய், இந்தத் தடவையாவது?" என்று கேட்டு, கேட்டவர்களே பிறகு கேட்பதை விட்டு, அந்த விட்டதுதான் பெரிய அவமானம். அதனால் இந்த முறை சொந்த வேலை என்று அரை நாள் லீவு போட்டேன். டைம் ஆபீஸில் இருக்கிறது, ஜெபராஜுக்குத் தெரியாது. பஸ்ஸில் படிக்க வேண்டும் என்று போனையும் அணைத்துவிட்டேன். அவன் இப்போது என்னைத் தேடிக்கொண்டிருப்பான். கம்பம் கம்பமாக அண்ணாந்து பார்த்துக்கொண்டு போவான். நான் எங்கேயாவது விழுந்து கிடக்கிறேன் என்றுகூட நினைப்பான். செண்பகத்தக்கா வாசலுக்கு வாசல் ஓடுவாள். இல்லை, சிலிண்டர் வந்திருக்கும். மத்தியானம் வரும் என்றுதானே சொன்னாள், மத்தியானம் என்று சொன்னாளா, இன்னும் வரவில்லை என்றுதான் சொன்னாள். யாராவது ஆட்டோவில் ஆஸ்பத்திரிக்குக் கூட்டிக்கொண்டு போயிருப்பார்கள். கூட்டிக்கொண்டு போக வேண்டுமென்றால் குழாயைப் பிடுங்க வேண்டும், வழியில் எதை வைத்து மூச்சு விடுவார். தலைக்கு மேல் விசிறி ஓடுகிறது, வினாத்தாள் படபடக்கிறது, அதை ஜியாமெட்ரி பெட்டியால் அமுக்கி வைத்துவிட்டு எழுந்து நின்றேன். மேடம் வந்தார்கள். கண்காணிப்பாளர், என்னை விட வயது குறைவு, இங்கே எங்களை எல்லாரும் சார் என்றுதான் கூப்பிடுவார்கள். "என்ன சார், அடிஷனல் ஷீட்டா?" இல்லை மேடம், வெளியே போகணும், ஒரு அவசரம் என்றேன். "பாத்ரூமா?" இல்லை, வேலை செய்யும் இடத்தில், ஃப்யூஸ் கட்டை, என்று ஆரம்பித்தேன், எங்கிருந்து சொல்வது என்று தெரியாமல் பையிலிருந்து அதை எடுத்துக் காட்டினேன். அவர்கள் அதைப் பார்த்தார்கள், என்னைப் பார்த்தார்கள். "இத எப்படி சார் உள்ள கொண்டு வந்தீங்க?" அப்புறம் குரலைத் தாழ்த்தி, முதல் அரை மணி நேரம் யாரும் வெளியே போக முடியாது, பேப்பர் வெளியே போய்விடும் என்று ரூல், சீஃப் சாரிடம் கேட்டாலும் அதைத்தான் சொல்வார் என்றார்கள். நல்ல மனுஷி. "யாருக்காவது போன் பண்ணணும்னா நம்பர் சொல்லுங்க, ஆபீஸ்ல சொல்லிப் பண்ணச் சொல்றேன்." வாயைத் திறந்தேன். ஜெபராஜின் நம்பர் எனக்குத் தெரியாது. தினமும் பேசுகிறேன், பெயரைத் தொட்டால் போகிறது, எண் யாருக்குத் தெரியும். என் போன் வெளியே வராந்தாவில் போட்ட பையில், அதைத் திறக்க நான் போக வேண்டும், நான் போக முடியாது. மில் ஆபீஸ் நம்பரும் அதற்குள்தான். நம்பர் தெரிந்திருந்தாலும் முன்பின் தெரியாத ஒரு பெண் கூப்பிட்டு, ஆவுடையப்பன் கீழேதான் இருக்கிறார், போட்டுவிடுங்கள் என்றால் ஜெபராஜ் போடுவானா. போடக் கூடாது. போட்டால் நானே அவனைச் செவிட்டில் அறைவேன். உட்காருங்க சார் என்றார்கள், உட்கார்ந்தேன்.

அரை மணி ஆகட்டும் என்று எழுதத் தொடங்கினேன். என்ன கொடுமை என்றால் வருகிறது. பேனா பாட்டுக்கு ஓடுகிறது. எக்ஸ் இன்ட்டு பை மைனஸ் எக்ஸை எடுத்துத் தொகையிட்டு, ப்ளஸ், மைனஸ், ப்ளஸ், கோமதியின் குரல் கூடவே வருகிறது, இரட்டைப்படை எல்லாம் பூஜ்யம், கட்டம் கட்டியாகிவிட்டது. இத்தனை வருடம் உட்கார்ந்து பேனாவைக் கடித்ததற்கு இன்றைக்குப் போய் வருகிறது. இருந்துவிடலாம். யாருக்குத் தெரியும், பெரியவர் எப்படியும் நாள் எண்ணிக்கொண்டிருக்கிறவர், ச்சீ, என்ன மனசு இது. இருந்துவிடலாம், இன்னும் கொஞ்சம் எழுதினால் பாஸ் மார்க் தேறும், தேறும் வரைக்கும் எழுதிவிட்டுப் போகலாம், தேறுவதற்குள் அவர் எத்தனை தடவை மூச்சு இழுப்பார். நான் இங்கே உட்கார்ந்து மூச்சை இழுத்துப் பார்த்தேன். எதற்கு அப்படிச் செய்தேன் என்று தெரியவில்லை. இழுத்ததும் விடுவதற்குப் பயமாக இருந்தது. போனால் பஸ் இருக்குமா, ஆட்டோவில் போனால் எவ்வளவு நேரம், போய்ச் சேர்வதற்குள் ஒன்று ஆகிவிட்டால் இதுவும் போய் அதுவும் போய், அப்படிப் போவதற்கு இங்கேயே, இல்லை, போகாமல் இருந்து அங்கே ஒன்று ஆகிவிட்டால் இந்தச் சைன் சீரிஸை வைத்துக்கொண்டு நான் என்ன செய்வேன், அந்த மேஜையில் எப்படி உட்காருவேன். சார்ப்பிட்டைத் தொடங்கினேன். முதல் வரி எழுதினேன். இரண்டாவது வரியில் எண்கள் எல்லாம் ஒன்றுபோலத் தெரிந்தன, உஸ் உஸ் என்று விசிறிச் சத்தம் மட்டும் காதில் கேட்டது. மணி அடித்தது. எழுந்துவிட்டேன். நான் முடிவெடுத்து எழுந்தேன் என்று சொல்ல முடியாது, கால் எழுந்தது. மேடம் என் தாளை வாங்கிக்கொண்டு ஒரு நிமிடம் பார்த்தார்கள். "நல்லா எழுதிட்டு இருக்கீங்களே சார். போனா திரும்ப உள்ள விட மாட்டாங்க." தெரியும் மேடம். "இன்னும் பாதிகூட ஆகல." தெரியும் மேடம் என்றேன், தாளை அவர்கள் கையிலிருந்து திரும்பப் பிடுங்கிக்கொள்ள வேண்டும் போல இருந்தது.

வராந்தாவில் பைகள் குவிந்து கிடந்தன. என் பையைக் கிளறி, போனை உயிர்ப்பித்து, அது விழிக்கும் வரைக்கும் படியில் ஓடினேன். விழித்ததும் ஜெபராஜின் தவறிய அழைப்புகள் வரிசையாக வந்து விழுந்தன, அவனைக் கூப்பிட்டேன். "எங்கண்ணே இருக்கிய? போனே போகல." கட்டை என்கிட்ட இருக்குடா, பைக்குள்ளயே கொண்டுவந்துட்டேன், இப்போ வந்துருதேன், செண்பகத்தக்கா வீட்டுல பெரியவருக்கு எப்படி இருக்கு, ஆஸ்பத்திரிக்குக் கொண்டுபோனியளா என்று ஒரே மூச்சில் கேட்டேன். "அவருக்கு என்ன, நல்லாத்தான் இருக்காரு. கரண்டுதான் அப்பமே வந்துட்டே." எப்ப என்றேன். "மத்தியானச் சங்குக்கு முன்னாலயே போட்டுட்டேன்ணே." மத்தியானச் சங்கு ஊதியபோது நான் பஸ் ஸ்டாண்டில் வாழைப்பழம் தின்றுகொண்டு நோட்டைப் பார்த்துக்கொண்டிருந்தேன். படியிலேயே உட்கார்ந்துவிட்டேன். பெரியவர் மூச்சு விடுகிறார், அது போதும் என்று முதலில் நிஜமாகவே சந்தோஷமாக இருந்தது. பிறகு, மேலே, மூடிய கதவுக்குள் கட்டிக் கொடுத்துவிட்டு வந்த தாள் நினைவுக்கு வந்தது. அதற்கும் பிறகுதான் மற்றது உறைத்தது. எதடா போட்ட என்று கேட்டேன். "ஸ்டோர்ல பழைய கட்ட ஒண்ணு கெடந்துச்சு." குழி காலியா இருந்துதுல்லா? "ஆமாண்ணே." நான் எங்க இருந்தேன்னு உனக்குத் தெரியுமா? "அந்தக்கா அழுதாண்ணே. ஜனம் கூடிட்டு. உங்க போன் போகல. முன்பக்கத்துக் கம்பம் எல்லாத்தையும் பாத்துட்டேன், நீங்க இல்ல." பின்பக்கம் பாத்தியா? "பின்பக்கம் போக நேரமில்லண்ணே." காலையில் நான் பின்பக்கக் கம்பத்தில்தான் இருந்தேன் என்று அவனிடம் சொல்லவில்லை. நான் மேல இருந்திருந்தா என்னடா பண்ணியிருப்ப என்று மட்டும் கேட்டேன், கோபமே வரவில்லை, அவன் செய்ததும் சரி, அவன் இடத்தில் நானும் அதைத்தான் செய்திருப்பேன், அதுதான் தாங்க முடியவில்லை. "கண்ண மூடிக்கிட்டுத்தான் சொருகுனேன்ணே" என்றான் ஜெபராஜ். அந்தப் பக்கம் மில்லின் இரைச்சல் கேட்டது. பிறகு அவன், நாளைக்கு மேற்கு வரிசையில் கம்பி மாற்ற வேண்டுமாம், மேனேஜர் சொல்லிவிட்டார், என்றான். "காலைல நீங்கதான் ஏறணும், வந்துருவியள்லா?" வந்துருதேன் என்றேன்.